பச்சை அட்டை, கோடு போடாத நோட்டு

ஜூன் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன் இடது முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணி தைலம் தேய்த்துவிடுகிறார்களா, அல்லது பாட்டிலை உன் கையில் கொடுத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்களா? இங்கே என் தொண்டையைத் தவிர மற்ற எல்லா உறுப்புகளும் ஒழுங்காக வேலைக்கு வருகின்றன.

போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் நான் கத்துவேன்; நீ "சிக்னல் போயிடுச்சு" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மேசைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் நாற்பத்தொன்பது வயதில் நான் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தேன். தலைப்பு: ஆசிரியர் கற்றல் சமூகம். உங்கள் கல்வி ஆபீஸ் அனுப்பிய ஆள்தான். சட்டைக் காலரில் ஒரு மைக், கையில் ஒரு நூல் உருண்டை. எங்களை வட்டமாக நிற்கவைத்து உருண்டையை எறிந்தார். பிடிக்கிறவர் தன்னை ஒரு பூவோடு ஒப்பிட வேண்டுமாம். அறுபது தேர்வுத்தாள் திருத்த வேண்டிய நேரத்தில், அண்ணா, நான் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் மொழி ஐயா ஓய்வுபெற மூன்று வருஷம் இருக்கிறது. அவர் "தாமரை" என்றார். அவர் மூக்குக்கண்ணாடியில் நூல் மாட்டிக்கொண்டது. என் முறை வந்தபோது "காலிஃபிளவர்" என்றேன். அந்த ஆள் சிரிக்கவில்லை. "வெரி குட், வித்தியாசமான சிந்தனை" என்று எழுதிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்த நூலை வைத்தே யாரையாவது கட்டிப்போட்டிருப்பேன்.

அவர் வகுப்பறைக்குள் போய் எத்தனை வருஷம் ஆயிற்றோ. நீ போய் ஒன்பது வருஷம். கோபித்துக்கொள்ளாதே, கணக்கு டீச்சர், எண்ணத்தான் செய்வேன்.

சமூகமாம். எங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, நூல் இல்லாமல். வெள்ளிக்கிழமை நோட்டு என்று பெயர். அதைப் பற்றிக் கேட்க அந்த ஆளுக்கு மூன்று நாளில் மூன்று நிமிஷம் கிடைக்கவில்லை.

அண்ணிக்கு என் அன்பு.
உன் தங்கை,
வாலு


ஜூன் 30

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான். உட்கார்ந்தால் எழ முடிவதில்லை, எழுந்தால் உட்கார முடிவதில்லை. ஆபீசில் உட்காரும் வேலை என்பதால் சமாளிக்கிறேன். தைலம் பற்றி நீ எழுதியதை அண்ணி படித்தாள். பாட்டில் இப்போது என் கையில்கூட இல்லை.

நீ எண்ணியது சரிதான், ஒன்பது வருஷம். வரலாற்றுப் பாடம் நடத்துகிற மாதிரி இன்னமும் கனவு வருகிறது. கனவில் பிள்ளைகள் எல்லோரும் கோப்புகளாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நோட்டு என்றாயே, அது என்ன? எப்படி நடத்துகிறீர்கள்? எத்தனை பேர்? என்ன மாதிரி நோட்டு? விவரமாக எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

தொண்டையைப் பார்த்துக்கொள். கத்தாதே.
உன் அண்ணன்


ஜூலை 9

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். தொண்டை திரும்பிவிட்டது, எட்டாம் வகுப்பு அதற்காக வருத்தப்படுகிறது.

ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக என் வகுப்பைப் பற்றி நீயாகக் கேட்டிருக்கிறாய். சந்தோஷமாக இருக்கிறது. அதனால் பக்கம் பக்கமாக எழுதப்போகிறேன், தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்.

ஆறு பேர். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் மாடி அறையில் கூடுவோம். இருபத்திரண்டு படி. எங்கள் தலைமையாசிரியைக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கும், அதனால்தான் அந்த அறை. அவரைத் தெரியுமல்லவா, சீல் அம்மா. கையில் எது கிடைத்தாலும் முத்திரை குத்துவார். போன வருஷம் நான் கொடுத்த பிறந்தநாள் வாழ்த்து அட்டையிலும் "பார்வையிடப்பட்டது" என்று குத்திவிட்டார். (நீயும்தான் போன முறை வந்தபோது கீழேயே நின்று கூவினாய், ஏறி வரவில்லை. மறக்கவில்லை.)

அந்த வாரம் வகுப்பில் செய்த ஒரு தவறை ஒவ்வொருவரும் நோட்டில் எழுத வேண்டும். எழுதினால் போதாது, எழுந்து நின்று, தானே வாய்விட்டுப் படிக்க வேண்டும். கேட்கிறவர்கள் திட்டக் கூடாது, தேற்றக் கூடாது, அறிவுரை சொல்லவே கூடாது. ஆளுக்கு ஒரு கேள்வி மட்டும் கேட்கலாம். முதல் வாரம் இந்த விதி இல்லை. மொழி ஐயா நாற்பது நிமிஷம் அறிவுரை சொன்னார். இரண்டாம் வாரம் விதி வந்துவிட்டது.

நோட்டு என்ன நோட்டு என்றும் கேட்டிருந்தாய். ஓவிய வாத்தியார் அலமாரியில் மிச்சம் கிடந்த படம் வரைகிற நோட்டு. பச்சை அட்டை, தொண்ணூற்றாறு பக்கம், கோடு போடாதது. கோடு போட்டது அன்றைக்குக் கையில் இல்லை, அவ்வளவுதான், இதில் தத்துவம் ஒன்றும் கிடையாது. எங்கள் எழுத்தெல்லாம் மலையேறிக்கொண்டிருக்கிறது.

முதலில் எழுதியது நான்தான். "மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ், ஏன் என்று கேட்காதே என்று பதினொரு வருஷமாகச் சொல்லி வருகிறேன். எனக்கே தெரியாது என்பதுதான் காரணம்." படித்து முடித்ததும் பல் பிடுங்கின மாதிரி இருந்தது. வலி, அப்புறம் நாக்கு அங்கேயே போய்ப் போய்த் தடவுகிற ஒரு சுகம்.

போன வாரம் சின்ன சயின்ஸ் எழுதினாள். போன வருஷம் தற்காலிகமாகச் சேர்ந்த பெண், இருபத்தாறு வயது. என்னைப் பார்த்தால் அவளுக்குப் பயம். "டீச்சர், நான் கத்துக்குட்டி, நான் எழுதினா நல்லா இருக்காது" என்று நான்கு வாரம் நழுவினாள். நான் விடவில்லை. "நான் பதினொரு வருஷத் தப்பை எழுதியிருக்கேன், உன்னோடது என்ன, ஒரு வருஷத் தப்புதானே, எழுது" என்றேன். எழுதினாள்: "கண்ணாடியில் இடம் வலம் மாறுகிறது, மேல் கீழ் ஏன் மாறவில்லை என்று ஒரு பெண் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு என்றேன். அவள் அதன்பிறகு கை தூக்கவில்லை. பன்னிரண்டு நாள் ஆகிறது."

என் முறைக் கேள்வியாக, "அந்தப் பொண்ணு இப்ப எங்க உட்காருறா?" என்றேன். "கடைசி பெஞ்சுக்குப் போயிட்டா, டீச்சர். நானும் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்."

அப்புறம் ஆறு பேரும் கைகழுவும் இடத்துக் கண்ணாடி முன்னால் நின்று கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தோம். ஓவிய வாத்தியார் தலைகீழாக நிற்கப் போனார், தடுத்துவிட்டோம். திங்கட்கிழமை அவள் வகுப்பில் போய், "அன்னைக்கு நீ கேட்டது எனக்குத் தெரியல. வெட்கப்பட்டு உன்னை அதட்டிட்டேன். சேர்ந்து கண்டுபிடிப்போமா?" என்றாளாம். அந்தப் பிள்ளை முன்வரிசைக்கு வந்துவிட்டாள்.

இதுதான் சமூகம். நூல் உருண்டை அல்ல.

அண்ணியிடம் தைலத்தை வாங்கித் தேய்த்துக்கொள்.
வாலு


ஆகஸ்ட் 3

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மிக அருமையான முறை. நம் துறையில் இப்படி யாரும் யோசிப்பதில்லை. ஆபீசில் வேலை அதிகம், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். எல்லாம் கூடி வந்தால் உனக்கு ஒரு சந்தோஷச் செய்தி சொல்வேன்.

உன் அண்ணன்


செப்டம்பர் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறாயா? நான் இல்லை. ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் கருவி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து வேறு கருவி எடுத்து வந்தாள்.

சந்தோஷச் செய்தி என்றாயே, அது வந்து சேரவில்லை. வேறொன்று வந்தது. உங்கள் ஆபீசிலிருந்து ஒரு சுற்றறிக்கை. இனி எல்லாப் பள்ளிகளிலும் "ஆசிரியர் தற்சிந்தனைப் பதிவேடு" இருக்க வேண்டுமாம். வாரம் ஒரு தவறு, கட்டாயம். பத்திகள்: தவறின் தன்மை, காரணம், திருத்த நடவடிக்கை, தலைமையாசிரியர் குறிப்பு, கையொப்பம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலே அனுப்ப வேண்டும்.

எங்கள் நோட்டைத் திருடியிருக்கிறார்கள் அண்ணா. திருடினால்கூடப் பரவாயில்லை, திருடின வீட்டிலேயே கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள்.

கேள், உனக்குச் சிரிப்பு வரும், எனக்கு வரவில்லை. பதிவேடு "பச்சை நிற அட்டையுடன் கூடிய, கோடிடப்படாத, 96 பக்கங்கள் கொண்ட" நோட்டாக இருக்க வேண்டுமாம். கடைகளில் இருந்ததெல்லாம் ஒரே நாளில் காலி. கிடைத்தபிறகு சீல் அம்மா சொன்னார், "கோடு இல்லாம பத்தி எப்படிப் பிரிக்கிறது? எல்லாரும் ஸ்கேல் வச்சு கோடு போடுங்க." கோடு போடாத நோட்டுதான் வேண்டும் என்று தேடி வாங்கி, நாங்கள் பதினேழு பேரும் உட்கார்ந்து கோடு போட்டோம். எந்த மகானுபாவன் இதை யோசித்திருப்பான்?

பழைய நோட்டையும் "முன்னோடிப் பதிவு" என்று அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். பக்கத்துக்குப் பக்கம் முத்திரை. என் மைனஸ் மேல் ஒன்று, மைனஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் ஒன்று.

இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? மொழி ஐயா எழுதுகிறார்: "கரும்பலகையைத் துடைக்கையில் தூசி பறந்தது." மூன்று வாரமாக அதே தூசி. ஓவிய வாத்தியார் எழுதுகிறார்: "அளவுக்கு அதிகமாகப் பொறுமை காட்டினேன்." நான் எழுதினேன்: "சுற்றறிக்கையைப் படித்தேன்." அதற்கும் குத்திவிட்டார், "திருத்திக்கொள்ளவும்" என்று.

வெள்ளிக்கிழமை மாடி அறைக்கு யாரும் வருவதில்லை. போன வாரம் நான் மட்டும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

நீ அந்தக் கட்டடத்தில்தானே இருக்கிறாய். எழுதினது யார் என்று கேட்டுச் சொல். நான் ஒன்றும் செய்யமாட்டேன். ஒரே ஒரு நூல் உருண்டையை மட்டும் பார்சலில் அனுப்புவேன்.

வாலு


அக்டோபர் 8

அன்புத் தங்கைக்கு,

நலமா? உப்பைக் குறை. பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். முழங்காலுக்குப் புது டாக்டர் பார்த்தேன். அவரும் நடக்கச் சொல்கிறார், எல்லோரும் என்னை நடக்கச் சொல்வதற்கே படித்திருக்கிறார்கள்.

சுற்றறிக்கை என்பதை ஒருவர் எழுதுவதில்லை அம்மா. ஒருவர் வரைவு கொடுப்பார், ஒருவர் திருத்துவார், ஒருவர் பத்தி சேர்ப்பார், ஒருவர் கையெழுத்திடுவார். வெளியே போகும்போது யாருக்கும் அடையாளம் தெரியாது. நோக்கம் நல்லதாகத்தான் இருந்திருக்கும். கொஞ்ச நாளில் பழகிவிடும்.

இங்கே மழை. அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொன்னாள்.
உன் அண்ணன்


அக்டோபர் 21

அண்ணா,

நலம் விசாரிக்கக் கை ஓடவில்லை, நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

சின்ன சயின்ஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

முந்தாநாள் மூன்றாம் பாட வேளையில் ஆணை வந்தது. "பாட அறிவில் குறைபாடு, மாணவியை அவமதித்து மனவுளைச்சல் ஏற்படுத்தியமை, இவை பணியாளரின் சொந்தக் கையெழுத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளன." பழைய நோட்டின் இருபத்தேழாம் பக்கம் நகலெடுத்து இணைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த பக்கம் இணைக்கப்படவில்லை. அடுத்த பக்கத்தில்தான் அவள் திங்கட்கிழமை போய் அந்தப் பிள்ளையிடம் சொன்னது இருக்கிறது.

நான் சீல் அம்மா அறைக்குப் போனேன். நடந்து போகவில்லை என்று பியூன் சொல்கிறார்.

"அடுத்த பக்கத்தையும் அனுப்பியிருக்கலாமே" என்றேன்.

"தவறு மட்டும்தான் கேட்டிருந்தாங்க டீச்சர். அனுப்பினேன். அதுல என்னோட அபிப்பிராயம் ஒண்ணும் இல்ல."

"உங்களுக்கு அபிப்பிராயமே கிடையாதா?"

"எனக்கு முத்திரைதான் இருக்கு" என்றார், கேலியாக இல்லை, உண்மையாகவே. அதற்குமேல் அந்த அம்மாவை என்ன செய்வது. சுவரை எவ்வளவு நேரம் திட்டுவாய்?

ஆசிரியர் அறைக்கு வந்தேன். மொழி ஐயா இருந்தார், ஓவிய வாத்தியார் இருந்தார், அந்த வெள்ளிக்கிழமை கண்ணாடி முன்னால் கையைத் தூக்கிய எல்லோரும் இருந்தார்கள். ஒருவரும் தலை தூக்கவில்லை. ஆளாளுக்குத் திருத்திக்கொண்டிருந்தார்கள். மொழி ஐயா திருத்திய தாளையே இரண்டாம் முறை திருத்தினார், நான் பார்த்தேன். "நாலு பேர் போய்ப் பேசுவோம், வாங்க" என்றேன். "பேசலாம், பேசலாம், கொஞ்சம் ஆறட்டும்" என்றார். சாப்பாடா இது, ஆறுவதற்கு?

அவள் பையில் சாமான் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு காந்தம், இரண்டு பூதக்கண்ணாடி, அந்தக் கேள்விக்காகத் தன் செலவில் வாங்கிய ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. என்னைப் பார்த்து, "நீங்கதானே டீச்சர் எழுதச் சொன்னீங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வழி கேட்கிற மாதிரி சொன்னாள்.

அண்ணா, மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கிறது. விசாரித்துவிட்டேன். அந்தச் சுற்றறிக்கையை எழுதின ஆள், "இந்தப் பதிவேடு ஆசிரியர் கற்றுக்கொள்வதற்காக, நடவடிக்கை எடுப்பதற்காக அல்ல" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், ஆணை நிற்காது. ஒரே ஒரு வரி. அந்த ஆளை எனக்காகத் தேடிப் பிடி. உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை, அந்தச் சைக்கிளைத் தவிர.

வாலு


நவம்பர் 7

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். முழங்கால் வலி ஏறியிருக்கிறது, மூன்று நாள் விடுப்பில் இருந்தேன். பதில் தள்ளிப்போனதற்கு அதுதான் காரணம்.

நீ கேட்டதைப் பற்றி. விசாரித்துப் பார்க்கிறேன். ஆனால் நேரம் சரியாக இல்லை. அந்த அதிகாரிக்கும் ஓய்வுபெற இரண்டு வருஷம்தான் இருக்கிறது என்று கேள்வி. இந்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல் வேறு. இந்த நேரத்தில் தன் திட்டம் தவறாகப் போய்விட்டது என்று அவரையே எழுதச் சொன்னால் எப்படி? அவர் கெட்டவர் அல்ல; ஒரு காலத்தில் நல்ல ஆசிரியராக இருந்தவர். நல்லது நடக்கட்டும் என்றுதான் செய்திருப்பார்.

அந்தப் பெண் சின்ன வயது. வேறு பள்ளி கிடைக்கும். நான்கூட ஒன்றிரண்டு இடத்தில் சொல்லிப் பார்க்கிறேன். நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் அண்ணன்


நவம்பர் 11

முழங்காலை விசாரிக்கவில்லை.

உன் கடிதத்தை எட்டாம் வகுப்பு தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போது மேசைமேல் வைத்துப் படித்தேன். "ஒரு காலத்தில் நல்ல ஆசிரியராக இருந்தவர்." யாரைப் பற்றியும் இவ்வளவு பரிவாக நீ எழுதிப் பார்த்ததில்லையே என்று நினைத்தேன். அப்புறம் சுற்றறிக்கையை எடுத்தேன்.

பச்சை அட்டை. கோடு போடாதது. தொண்ணூற்றாறு பக்கம். அன்றைக்குக் கோடு போட்ட நோட்டு கையில் இல்லை என்பது ஓவிய வாத்தியாருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூன்றாவதாக ஒரே ஒருவருக்குத்தான் தெரியும், ஏனென்றால் "என்ன மாதிரி நோட்டு" என்று அவர்தான் கேட்டார். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

இரண்டு மாதமாக அந்த வரியை எல்லோருக்கும் படித்துக் காட்டிச் சிரித்திருக்கிறேன் அண்ணா. எந்த மகானுபாவன் என்று உன்னிடமே கேட்டிருக்கிறேன். ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் கூட்டல் சொல்லிக்கொடுக்கிறவள், வீட்டுக் கணக்கில் இரண்டையும் ஒன்றையும் கூட்டத் தெரியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

என் வகுப்பைப் பற்றி நீயாகக் கேட்டாயே என்று சந்தோஷப்பட்டு எழுதினேன். அண்ணனுக்குக் கடிதம் எழுதுகிறோம் என்று நினைத்தேன். கோப்புக்குத் தீனி போட்டிருக்கிறேன். அதுவும் அவள் எழுதியதை ஒரு எழுத்து விடாமல் எடுத்து எழுதி.

ஆபீஸ் ஆளாக நீ செய்தது ஒருபுறம் இருக்கட்டும். அக்டோபரில் நான் உன் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேனே, "அந்த ஆளைத் தேடிப் பிடி" என்று. நீ என்ன செய்தாய்? அந்த ஆளின் கஷ்டத்தை எனக்கு எழுதினாய். வெட்கமாக இல்லையா? எனக்கு இருக்கிறது, உனக்கும் சேர்த்து.

நேற்று அந்தக் கண்ணாடிக் கேள்விப் பெண் என் மேசைக்கு வந்தாள். "டீச்சர், சயின்ஸ் டீச்சர் நான் கேள்வி கேட்டதாலதான் போனாங்களா?" என்றாள். பதின்மூன்று வயது. மறுபடி கடைசி பெஞ்சுக்குப் போயிருக்கிறாள்.

"இல்லடா. நீ கேட்டதால இல்ல. நான் எழுதினதால" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

கெடு பதினெட்டாம் தேதி. மனுவை நாங்கள் கொடுத்துவிட்டோம், அந்த ஒரு வரி இல்லாமல். பதினெட்டுக்குள் அது வரவில்லை என்றால் இனிமேல் எனக்குக் கடிதம் எழுதாதே. எழுதினாலும் பிரிக்காமல், "பார்வையிடப்பட்டது" என்று குத்தித் திருப்பி அனுப்புவேன். முத்திரை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.


நவம்பர் 18

தங்கைக்கு,

கோடு போடாத தாளில் எழுதுகிறேன். கை மேலே ஏறுகிறது, பொறுத்துக்கொள்.

இந்த வாரத் தவறு என்று எழுத முடியாது. ஐந்து மாதத் தவறு.

என் தங்கை எனக்கு எழுதிய கடிதத்தை வைத்து ஒரு திட்டம் எழுதினேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

ஒன்பது வருஷத்தில் நான் எழுதிய எந்தத் தாளையும் அந்த ஆபீசில் யாரும் இரண்டாம் முறை படித்ததில்லை. இதைப் படித்துவிட்டு மேலதிகாரி என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். "நல்ல யோசனை சார்" என்றார். "தவறின் தன்மை", "திருத்த நடவடிக்கை" இரண்டும் அவர் சேர்த்தவை. "தலைமையாசிரியர் குறிப்பு" என்ற பத்தி நான் சேர்த்தது. அது இல்லையென்றால் கோப்பு திரும்பி வந்துவிடும் என்று பயந்தேன். அந்தப் பத்திதான் அவள் கழுத்தில் விழுந்தது. பச்சை அட்டையை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. உன் கடிதத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன், ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று.

கேள்வியும் விதியும்தான் அதன் உயிர் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அதைப் போட ஒரு பத்தி கிடைக்கவில்லை.

சந்தோஷச் செய்தி என்று எழுதினேனே, அது சுற்றறிக்கையின் கீழே உன் பள்ளியின் பெயர் வரும் என்பதுதான். கடைசியில் அதை எடுத்துவிட்டார்கள். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வரி கேட்டாய். ஒன்றரைப் பக்கம் எழுதி, நேற்று முன்தினம் நானே கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்தும் பெற்றேன். நகல் இதோடு இருக்கிறது. மேலதிகாரி படித்தார். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை. பட்டியலில் என் பெயர் இல்லை என்று இன்று தெரிந்தது. அதை நீ தவறாக எடுத்துக்கொள்ளாதே, கணக்கில் சேர்ப்பதற்காகச் சொல்லவில்லை.

அண்ணி இதைப் படித்துவிட்டு, "அக்டோபர்லயே எழுதியிருக்கலாமே" என்றாள். அவளும் ஒரு கேள்விதான் கேட்டாள்.

உன் அண்ணன்


டிசம்பர் 15

அண்ணா,

இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

நேற்று ஆணை வந்தது. உன் ஒன்றரைப் பக்கம் வேலை செய்திருக்கிறது, பாதி வேலை. அவள்மேல் இருந்த குறிப்பு நீக்கப்பட்டது. ஆனால் அந்த இடத்துக்கு வேறொருவரைப் போட்டாயிற்றாம், "அடுத்த கல்வியாண்டில் பரிசீலிக்கப்படும்." அதாவது அவள் குற்றவாளி இல்லை, டீச்சரும் இல்லை. இப்போது ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள். நான் தொண்டை மாத்திரை வாங்கப் போனேன். "எத்தனை, டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

என் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. பத்திரமாக இருக்கிறது. உன்மேல் கொஞ்சம், என்மேல் கொஞ்சம், மொழி ஐயாமேல் நிறைய. அவர் போன வாரம் என்னிடம் வந்து, "நான் அன்னைக்குப் பேசியிருக்கணும்" என்றார். "என்கிட்ட சொல்லாதீங்க ஐயா, எழுதுங்க" என்றேன். எழுதியிருக்கிறார். தூசி இல்லை. ஓவிய வாத்தியார் அலமாரியைத் துழாவிக் கடைசி நோட்டு ஒன்றை எடுத்தார். இந்தத் தடவை அட்டை பழுப்பு. யாருக்கும் சொல்லாதே, ஆபீசில் பழுப்புதான் வேண்டும் என்று கேட்டுவிடப் போகிறார்கள்.

வரும் வெள்ளிக்கிழமை மறுபடி கூடுகிறோம். அவளையும் கூப்பிட்டேன். "நான் எழுத மாட்டேன் டீச்சர். கேட்க மட்டும் வரேன்" என்றாள். கடையில் மூன்றரைக்கு விடுகிறார்களாம்.

உன் பதினெட்டாம் தேதிக் கடிதத்தைப் படித்தேன், நான்கு முறை. திட்டமாட்டேன். தேற்றமாட்டேன். அறிவுரை சொல்லமாட்டேன். ஆனால் விதி உனக்குத் தெரியும், நான்தான் எழுதி அனுப்பினேனே. எழுதினால் போதாது, எழுந்து நின்று, சம்பந்தப்பட்டவர்கள் முன்னால், தானே வாய்விட்டுப் படிக்க வேண்டும். தபாலில் வந்தது கணக்கில் சேராது. அதனால் உன் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன், முத்திரை குத்தாமல்.

ஏழு நாற்காலி போட்டிருக்கிறோம். நாலு மணிக்கு. அவள் உனக்கு எதிரில் உட்காருவாள்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். முழங்கால் எப்படி இருக்கிறது? இருபத்திரண்டு படி.

உன் தங்கை,
வாலு